விளையாட்டுச் சாமான்தானே என்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சியில் ஒரு சின்ன சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். செல்போன், லேப்டாப் பார்ப்பதோடு பிளே ஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரி டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டிகளையும் பார்ப்பேன். கோடை லீவு நெருங்குகிறது, பேப்பர்களில் நீச்சல் வகுப்பு, ஓவிய வகுப்பு, தாத்தா பாட்டி ஊர் என்று பிள்ளைகளுக்கு யோசனை சொல்லி எழுத ஆரம்பித்துவிடுவீர்கள், எல்லாம் நல்லதுதான், ஆனால் லீவில் நிஜமாக நடப்பது வேறு. ஒரு வீட்டு பிஎஸ் ஃபோர் (பிளே ஸ்டேஷனின் நாலாவது மாடல்) ஸ்கூல் பைக்குள் உட்கார்ந்து சைக்கிளில் இன்னொரு வீட்டுக்குப் போகும். "நாலு நாள்ல தந்துடறேன்டா" என்று சொல்லி வாங்கிப் போனது பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில்தான் திரும்பும், திரும்பியதும் நேராக என் மேஜைக்கு வரும். தூக்கிக்கொண்டு வருவது கொடுத்த வீட்டுப் பையனும் அவன் அப்பாவும். வாங்கிப் போனவன் கூட வந்து நான் பார்த்தது அபூர்வம்.

அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இரவல் கொடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வாங்கிப் போய்க் கெடுத்தவர்கள் ரிப்பேர் காசைக் கொடுக்க வேண்டும், பிள்ளை கெடுத்தால் பெற்றவர்கள் கொடுக்க வேண்டும், அதைக் கேட்கக் கொடுத்த வீட்டுக்காரர்கள் கூச்சப்படக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். இது யாருக்குத் தெரியாது என்பீர்கள். எல்லாருக்கும் தெரியும், ஆனால் நடப்பதில்லை.

ஏன் நடப்பதில்லை என்றால், பெரியவர்கள் பலருக்கு இது ஒரு பொம்மை. "விளையாட்டுச் சாமான்தானே, பசங்க கையில இருந்தா உடையத்தான் செய்யும்" என்று என் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள். அதே மனிதர் பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கை ஒரு மணி நேரம் வாங்கிப் போய் இண்டிகேட்டரை உடைத்துவிட்டால் சும்மா திருப்பி நிறுத்துவாரா? மெக்கானிக்கிடம் விட்டு மாற்றி, பெட்ரோலும் போட்டு, "சாரி சார், லேசா உரசிருச்சு" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பார். அந்த மரியாதை கேம் பெட்டிக்குக் கிடைப்பதில்லை. பெட்டி யாருடையது என்று கேட்டால் பத்தாம் வகுப்புப் பையனுடையது என்பார்கள், அதனால் உடைந்ததும் அவன் பிரச்சினை. காசு போட்டது யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

விலையைச் சொல்கிறேன், தெரியாதவர்களுக்காக. பிஎஸ் ஃபோர் 2014 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது 39,990 ரூபாய். பிஎஸ் ஃபைவ் 2021 பிப்ரவரி 2-ம் தேதி வந்தது, சிடி போடுகிற மாடல் 49,990, அப்புறம் விலை இன்னும் ஏறிவிட்டது. அதன் கன்ட்ரோலர் ஒன்று, நம் ஊரில் ஜாய்ஸ்டிக் என்றும் அம்மாக்கள் ரிமோட் என்றும் சொல்கிறார்களே அது, தனியாக வாங்கினால் வந்த புதிதில் 5,990. பெரிய கேம் ஒன்றின் சிடியும் அப்போதே 4,999 வரை போனது. ஒரு கேம் சிடி காசில் நல்ல மிக்சி வாங்கலாம் என்று ஒரு அம்மா கணக்குச் சொன்னார், தப்பில்லை. என்னிடம் வருகிற பெட்டிகளில் பாதிக்கு மேல் மாதத் தவணையில் வாங்கியவைதான். பத்தாம் வகுப்பில் இத்தனை மார்க் எடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பையன் எடுத்துத் தொலைத்துவிட்டதால் வாங்கிக் கொடுத்த அப்பாக்கள் நிறையப் பேர். தவணை முடிவதற்குள் பெட்டி என் மேஜையில் பிரித்துக் கிடக்கும்போது அவர்கள் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

இவ்வளவு விலையுள்ள பொருளை எதற்கு இரவல் கொடுக்கிறீர்கள் என்று கேட்கலாம். விலை அதிகம் என்பதால்தான் இரவல் நடக்கிறது. ஐந்து நண்பர்கள் ஆளுக்கு ஒரு சிடி வாங்கி மாற்றி மாற்றி ஆடினால் ஐந்து கேம் ஆடலாம், ஒரு வீட்டில் ஐந்தையும் வாங்க யாருக்கு முடியும்? எங்கள் காலத்திலும் அப்படித்தான். தொண்ணூறுகளில் டிவி கேம் என்று ஒன்று வந்தது, ஜப்பான் பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவு நகல், அதில் சொருகுகிற கேசட் தெருவெல்லாம் சுற்றும். யார் வீட்டில் எந்த கேசட் இருக்கிறது என்பது தெருவுக்கே மனப்பாடம். அது கெட்டாலும் பெரிய நஷ்டமில்லை, கெடுவதும் சுலபமில்லை, படம் வராவிட்டால் எடுத்து வாயால் ஊதி மறுபடி சொருகுவோம். (ஊதுவதால் ஒன்றும் ஆவதில்லை, கழற்றி மாட்டுவதால்தான் வேலை செய்தது. எச்சில் ஈரம் பட்டு கேசட்டின் உலோகப் பல் கறுத்ததுதான் மிச்சம்.) இப்போதைய பெட்டி அப்படி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவல் என்பதையே ஒழித்துவிட கம்பெனிக்காரர்கள் முயற்சி செய்தார்கள், உலகம் பூராவும் ஆடுகிறவர்கள் சண்டை போட்டு அதைக் காப்பாற்றினார்கள். 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் புது எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டிக்கு ஒரு விதி அறிவித்தது: பெட்டி இணையத்தோடு நாளுக்கு ஒரு தடவையாவது பேச வேண்டும், சிடியை இன்னொருவருக்குக் கொடுப்பதற்கும் ஆயிரத்தெட்டுக் கட்டுப்பாடு. அடுத்த சில நாளிலேயே, பிளே ஸ்டேஷன் செய்கிற சோனிக்காரர்கள் ஒரு நக்கல் வீடியோ விட்டார்கள். பிளே ஸ்டேஷனில் கேமைப் பகிர்வது எப்படி என்று தலைப்புப் போட்டு, சோனியின் ஷூஹெய் யோஷிதா ஒரு சிடியை எடுத்துப் பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுப்பார், அவர் தேங்க்ஸ் சொல்வார், அவ்வளவுதான் வீடியோ. கூச்சல் தாங்காமல் ஜூன் 19-ம் தேதியே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கிவிட்டது. ஆனால் இப்போது சிடி போடுகிற இடமே இல்லாத மாடலும் விற்கிறார்கள், கேமை இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டியதுதான், அதை நண்பனுக்கு எப்படிக் கொடுப்பது? கையில் எடுத்துக் கொடுக்கிற கேம் இன்னும் எத்தனை வருஷம் இருக்கும் என்று தெரியாது. இருக்கிற வரைக்குமாவது ஒழுங்காகக் கொடுத்து வாங்கலாமே என்கிற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

இனி என் மேஜைக்கு வருகிற சாமான்களைப் பார்ப்போம்.

முதல் இடம் எச்டிஎம்ஐ ஓட்டைக்கு. பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும் ஒயர் சொருகுகிற இடம் அது. விரல் நகம் அளவு ஓட்டைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும், அதன் மேலும் கீழும் சேர்த்து 19 உலோகப் பின். சொந்த வீட்டில் பெட்டி ஒரே இடத்தில் இருக்கும், ஒயரைக் கழற்றுகிற வேலையே இல்லை, அதனால் வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாது. இரவல் போன இடத்தில் டிவி சுவரில் உயரமாக மாட்டியிருக்கும், பின்னால் கை போகாது, இருட்டில் தலைகீழாக வைத்து அழுத்துவார்கள். அல்லது ஒயர் குட்டையாக இருந்து கட்டிலில் இருந்து பெட்டி தொங்கும், யாராவது காலில் ஒயரை இழுத்துக்கொண்டு போவார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நாக்கு ஒரு பக்கம் பிளந்து, இரண்டு மூன்று பின் மடங்கி ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும். பெட்டி ஆன் ஆகும், லைட் எரியும், டிவியில் மட்டும் படம் வராது. அதை மாற்ற முழுப் பெட்டியையும் பிரித்து சர்க்யூட் போர்டை வெளியே எடுத்து, கீழே சூடு கொடுத்து மேலே சூடான காற்றுப் பிடித்துப் பழைய எச்டிஎம்ஐ துண்டை (போர்ட் என்போம்) கழற்ற வேண்டும். அதன் நாலு காலும் போர்டில் ஓட்டை வழியாக இறங்கி உட்கார்ந்திருக்கும், சுற்றியுள்ள செம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அவசரப்பட்டு இழுத்தால் அடியில் இருக்கிற மெல்லிசான தடம் உரிந்து கூடவே வந்துவிடும். சின்ன வேலை மாதிரித் தெரியும், அரை நாள் போய்விடும்.

இங்கேதான் மறைப்பதால் வருகிற நஷ்டம் தெரியும். படம் வராத அன்றைக்கே சொல்லிக் கொண்டுவந்தால் ஒரு போர்ட் மாற்றுவதோடு முடியும். பயல்கள் என்ன செய்கிறார்கள், வேறு ஒயர் போட்டுப் பார்க்கிறார்கள், மூன்றாவது ஒயர் போட்டு இன்னும் பலமாக அழுத்துகிறார்கள், குண்டூசியால் பின்னை நிமிர்த்துகிறார்கள், அதுவும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அப்புறம் ஷார்ட் ஆகி உள்ளே படத்தை அனுப்புகிற சிப் போய்விடும். முதலில் ஆகியிருக்க வேண்டிய செலவைப் போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. பெட்டியைத் திருப்பித் தரும்போது, "ஒண்ணுமே பண்ணலடா, நல்லாத்தான் ஓடிச்சு."

சிடிக்கு வருவோம். கீறல் விழுந்த சிடிக்குப் பற்பசை தேய்ப்பது என்று ஒரு வைத்தியம் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பாட்டு சிடி காலத்து வைத்தியம் அது. அதில் ஓரளவு நியாயமும் இருந்தது, ஏனென்றால் சிடி 1.2 மில்லிமீட்டர் தடிமன், அதில் தகவல் இருப்பது மேல் பக்கம், படம் அச்சடித்த பக்கத்தை ஒட்டி, அடிப் பக்கம் வெறும் பிளாஸ்டிக். அடியில் லேசாகக் கீறினால் பிளாஸ்டிக்கைத் தேய்த்துச் சமன் செய்யலாம். டிவிடியில் தகவல் நடுவில் இருக்கும், அதனால் அதிலும் கொஞ்சம் தேய்க்க இடமுண்டு. பிஎஸ் த்ரீயில் இருந்து வருகிற சிடி எல்லாம் ப்ளூரே. அதில் தகவல் அடிப் பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் மேலே கீறல் தாங்குகிற கெட்டிப் பூச்சு ஒன்று கொடுத்திருக்கிறார்கள், பற்பசை போட்டுத் தேய்க்கிறவர்கள் அந்தப் பூச்சைத்தான் தேய்த்து எடுக்கிறார்கள். 4,999 ரூபாய் சிடியைப் பல் விளக்கிக் கொண்டுவந்து, "அண்ணா, நல்லா பளபளன்னுதான் இருக்கு, ஏன் எடுக்கல?" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல. அந்த சிடி முடிந்தது. அதற்கு ரிப்பேர் கிடையாது. நின்டெண்டோ ஸ்விட்ச் என்கிற இன்னொரு கேம் பெட்டியின் கார்டில் கசப்பு மருந்து தடவியே விற்கிறார்கள், சின்னக் குழந்தை வாயில் போட்டால் உடனே துப்ப வேண்டும் என்று. குழந்தையிடமிருந்து காப்பாற்ற வழி கண்டுபிடித்துவிட்டார்கள், நண்பனிடமிருந்து காப்பாற்றத்தான் இன்னும் வரவில்லை.

கன்ட்ரோலரில் கூல்டிரிங்ஸ் கொட்டுவது அடுத்தது. கொட்டினால் உடனே ஆஃப் செய்து, சார்ஜில் போடாமல் அன்றைக்கோ மறுநாளோ கொண்டுவந்தால் பெரும்பாலும் கழுவித் துடைத்துச் சரிசெய்துவிடலாம். துணியால் மேலே துடைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி சார்ஜில் போட்டு ஆடுவார்கள். சர்க்கரைத் தண்ணீர் பட்டன் அடியில் பிசினாகிவிடும், உள்ளே செம்புத் தடம் பச்சை பூத்துவிடும். மூடியைத் திறந்தால் அந்தப் பச்சையும் அதன் மேல் ஒட்டிக்கிடக்கிற எறும்பும் நடந்த கதையை ஒன்று விடாமல் சொல்லிவிடும்.

கரப்பான் பூச்சியை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். பிஎஸ் ஃபோர் பெட்டிக்குள்ளேயே பவர் சப்ளை இருக்கிறது, உள்ளே எப்போதும் வெதுவெதுப்பு, காற்றுப் போக வரப் பெரிய இடைவெளி. கரப்பானுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. உலகம் முழுக்க என் தொழிலில் இருக்கிறவர்கள் சொல்கிற புகார் இது. சமையலறை ஓரத்து ஷெல்ஃபில் லீவு முழுக்க இருந்துவிட்டு வந்த பெட்டியைத் திறந்தால் சில சமயம் குடும்பமே இருக்கும், பவர் சப்ளையில் பொசுங்கியது ஒன்றிரண்டும் இருக்கும். இதை எந்த நண்பனும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்தப் பெட்டி இப்போது இந்த வீட்டுக்குள் வருகிறதே, அதை யார் யோசிக்கிறார்கள்?

எல்லாவற்றையும் விட மோசம், நண்பனின் அண்ணன். "எங்கண்ணன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவனே பார்த்துடுவான்." பிஎஸ் ஃபோரில் நடுவில் குச்சி வைத்த நட்சத்திர ஸ்க்ரூ போட்டிருப்பார்கள், கண்டவர் திறக்கக் கூடாது என்றுதான். அதைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் திருகி வழுக்கவிட்டுக் கொண்டுவருவார்கள். பிஎஸ் ஃபைவில் இது இன்னும் ஆபத்து. அதன் மெயின் சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கிற உலோகத் துண்டுக்கும் (ஹீட் சிங்க்) நடுவில் சூட்டைக் கடத்துகிற வழக்கமான பேஸ்ட் கிடையாது, திரவமாக இருக்கிற ஒரு உலோகம் வைத்திருக்கிறார்கள், 2020 அக்டோபரில் சோனி இன்ஜினியரே பெட்டியைப் பிரித்துக் காட்டிய வீடியோ இருக்கிறது. அந்த உலோகத்தில் கரண்ட் பாயும். தெரியாமல் ஹீட் சிங்க்கைத் தூக்கி அது பக்கத்தில் உருண்டு ஓடிவிட்டால், மறுபடி பவர் கொடுத்ததும் போர்டு போச்சு. இன்ஜினியரிங் படிக்கிற தம்பிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், தெரிந்தால் செய்யுங்கள், உங்கள் சொந்தப் பெட்டியில் செய்யுங்கள்.

இதுவரை சொன்னது பொருள் நஷ்டம். பிள்ளைகள் அழுவது இதற்கில்லை. ஒரு பையன் எட்டு மாதம் ஆடிச் சேர்த்து வைத்த சேவ் ஃபைலை, அதாவது ஆட்டத்தில் எதுவரை வந்தான் என்கிற பதிவை, இடம் பத்தவில்லை என்று வாங்கிப் போனவன் அழித்துவிட்டான். பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. அந்தப் பையன் அப்பா என்னிடம், "ஒண்ணும் உடையலையே, ஏன் சார் இவன் சாப்பிட மாட்டேங்கறான்?" என்று கேட்டார். அவருக்கு நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பையன் கடையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டான். அழிந்த சேவைத் திருப்பிக் கொண்டுவர என்னால் முடியாது. முன்பே பென் டிரைவிலோ, சந்தா கட்டி இணையத்திலோ சேமித்து வைத்திருந்தால்தான் உண்டு.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். இரவல் போய் வந்த பெட்டியில் எது கெட்டாலும் வாங்கிப் போனவன் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. கன்ட்ரோலரில் குச்சியைத் தொடாமலே ஆள் தானாக நடப்பார் பாருங்கள், டிரிஃப்ட் என்பார்கள், அது பெரும்பாலும் தேய்மானம். உள்ளே கரித்தடத்தின் மேல் ஒரு சின்னத் தகடு உரசிக்கொண்டே இருக்கும், தேய்ந்துதான் தீரும், கொடுத்தவனே இரண்டு வருஷம் தேய்த்துவிட்டு வாங்கினவன் ஒரு வாரத்தில் கெடுத்தான் என்று சொல்வது அநியாயம். தூசி அடைத்து ஃபேன் கத்துவது, பேஸ்ட் காய்ந்து ஹீட் ஆவது, பழைய ஹார்ட் டிஸ்க் போவது எல்லாம் வயதுக் கோளாறு. எது அடிபட்டது, எது தேய்ந்தது, எது நனைந்தது என்று பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், யார் பக்கம் பேசினாலும் எனக்கு ஒரே கூலிதான், அதனால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். சொன்னதற்காக கொடுத்த வீட்டுக்காரர் ஒருவர் என் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். போகட்டும்.

போன வருஷம் நடந்தது ஒன்று. ஒரே அப்பார்ட்மென்ட், மேல் வீடும் கீழ் வீடும். மேல் வீட்டுப் பெட்டி கீழ் வீட்டுக்குப் போய், எச்டிஎம்ஐ போய், சிப்பும் போய் வந்திருக்கிறது. மேல் வீட்டு அம்மா தனியாக வந்தார். செலவைச் சொன்னதும், "நீங்களே அவங்க வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க தம்பி, நான் கேட்டா நல்லா இருக்காது, தினம் லிஃப்ட்ல மூஞ்சி பாக்கணும்" என்றார். நானும் போட்டேன், அது என் வேலை இல்லை என்றாலும். கீழ் வீட்டு அப்பா எடுத்தார். முதலில், பழைய செட்டு, ஏற்கெனவே அப்படித்தான் இருந்திருக்கும் என்றார். உடைந்த நாக்கின் போட்டோவை அனுப்பினேன். அப்புறம், எங்கள் பையன் இல்லை, லீவுக்கு வந்த என் மச்சினன் பையன்தான் மாட்டினான் என்றார். அப்படியானால் மச்சினனிடம் கேளுங்கள் சார் என்றேன். போனை வைத்துவிட்டார். அந்த அம்மாதான் முழுக்காசும் கொடுத்து வாங்கிப் போனார். கடைசியில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தையும் நின்று போயிற்றாம், காசும் போய் உறவும் போனதுதான் கண்ட பலன்.

இந்த "மச்சினன் பையன்" பதிலைப் பற்றி என் வாடிக்கையாளரான ஒரு வக்கீலிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இதற்கு 1872-ம் வருஷத்திலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். ஒருவர் பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது பற்றி அதில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. 151-வது பிரிவு, சாதாரண விவரமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படி இரவல் பொருளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 154-வது பிரிவில் ஒரு குதிரைக் கதை. நீ மட்டும் சவாரி செய்துகொள் என்று ஒருவன் குதிரையைக் கொடுக்கிறான், வாங்கினவன் அதைத் தன் குடும்பத்தில் ஒருவனுக்குக் கொடுக்கிறான், அவனும் ஜாக்கிரதையாகத்தான் ஓட்டுகிறான், ஆனாலும் குதிரை விழுந்து அடிபடுகிறது. நஷ்ட ஈடு வாங்கினவன்தான் கொடுக்க வேண்டும். மச்சினன் பையன் கேஸ் அப்படியே இல்லையா! கூலி வாங்காமல் கொடுத்த பொருளை, இத்தனை நாள் என்று சொல்லியிருந்தாலும், கொடுத்தவர் நடுவிலேயே திருப்பிக் கேட்கலாம் என்பது 159. சொன்ன நாளில் திருப்பித் தராவிட்டால் அதற்குப் பிறகு பொருளுக்கு என்ன ஆனாலும் வைத்திருப்பவர் பொறுப்பு, அது 161. நாலு நாள் என்று சொல்லி நாற்பது நாள் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொடுப்பவருக்கும் ஒரு கட்டு போட்டிருக்கிறார்கள்: முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்து, வாங்கினவன் விழுந்து அடிபட்டால் கொடுத்தவன் பொறுப்பு. பழைய பெட்டியில் என்ன கோளாறு இருக்கிறதோ அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியதுதான்.

உடனே யாரும் கோர்ட்டுக்கு ஓட வேண்டாம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் செய்துகொள்கிற ஒப்பந்தம் செல்லாது என்பதையும் அதே வக்கீல் சொன்னார், ஆக எட்டாம் வகுப்புப் பையன்கள் இருவர் தங்களுக்குள் கொடுத்து வாங்கினதில் சட்டம் பெரிதாக உதவாது. அங்கே பெற்றவர்கள்தான் முன்வர வேண்டும். பிள்ளையை அடிக்கச் சொல்லவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், அவன் வாயாலேயே என்ன நடந்தது என்று சொல்ல வைத்து, பில் எவ்வளவு என்று கேட்டால் போதும். முழுக்க முடியாதவர்கள் பாதி கொடுக்கட்டும், இரண்டு மாதத்தில் கொடுக்கட்டும். இப்படி வந்த அப்பாக்களும் இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், மகன் உடைத்த கன்ட்ரோலருக்கு நான் சொன்ன தொகையைப் பேரம் கூடப் பேசாமல் வைத்துவிட்டு, சரியானதும் அந்தப் பையன் வீட்டில் இவன் கையாலேயே கொடுக்க வைக்கிறேன் என்று சொல்லிப் போனார். அந்த இரண்டு பையன்களும் இப்போதும் சேர்ந்துதான் என் கடைக்கு வருகிறார்கள், சாமானைக் கலைத்துப் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

கொடுக்கிறவர்களுக்கு என் யோசனை, தொழில்காரனாகச் சொல்கிறேன்: சிடியைக் கொடுங்கள், பெட்டியைக் கொடுக்காதீர்கள். பெட்டியில் ஆட வேண்டும் என்றால் நண்பனை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அது ஊர் சுற்றப் பிறந்த பொருள் இல்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பின்பக்கத்து ஓட்டைகளையெல்லாம் போனில் கிட்டத்தில் போட்டோ எடுத்து அந்த நண்பனுக்கே அனுப்பிவிடுங்கள், நம்பாமல் இல்லை, பின்னால் பேச்சு வராமல் இருக்க. உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டுக் கொடுங்கள், கார்டு நம்பர் அதில் பதிந்திருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவன் தங்கை ஏதோ அழுத்தி ஏதோ வாங்கிவிட்டாள் என்று இன்னொரு பஞ்சாயத்து. பிஎஸ் ஃபோரில் சேவ் ஃபைலை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஐந்து நிமிஷ வேலை. எச்டிஎம்ஐ ஒயரைப் பெட்டியோடு கொடுத்துவிடுங்கள், அவர்கள் வீட்டு ஒயரில் என்ன கோணல் இருக்கிறதோ. சிடி உள்ளே ஓடும்போது பெட்டியை நகர்த்தக் கூடாது என்று சொல்லியனுப்புங்கள், பழைய எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், அது ஓடும்போது சாய்த்தால் சிடியில் வட்டமாகக் கோடு போட்டுவிடும். கொடுக்க இஷ்டமில்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை மாட்டேன் என்று சொன்னால் "ஏன்டா, ஃப்ரெண்டுக்குக் கொடுக்க மாட்டியா, கஞ்சப் பயலே" என்று நாலு பேர் முன்னால் திட்டிக் கொடுக்க வைக்கிற அம்மா அப்பாக்களுக்கும் ஒரு வேண்டுகோள், அந்தப் பையனுக்குத் தன் நண்பன் எப்படிப்பட்டவன் என்று உங்களைவிட நன்றாகத் தெரியும்.

லீவு விடுவதற்கு முன்னால் இதைப் பிரசுரித்தால் நல்லது, ஜூனில் போட்டால் எனக்குத்தான் லாபம். என் பெயரையும் கடைப் பெயரையும் தயவுசெய்து போட வேண்டாம். அந்த அப்பார்ட்மென்ட்டில் மேல் வீடு, கீழ் வீடு இரண்டிலும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு சர்வீஸ் கடைக்காரர்,
திருச்சி.